எண்டோஸ்கோபிக்கு மயக்க ஊசி வேண்டுமா? நீலகிரியிலிருந்து வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

நான் குன்னூர்ப் பக்கத்துப் பெண். கோவையில் எண்டோஸ்கோபி (கேமரா வைத்த குழாயை உடம்புக்குள் விட்டுப் பார்க்கும் சோதனை) அறையில் செவிலியராகப் பல வருடம் நின்றிருக்கிறேன். மலையிலிருந்து வருகிறவர்களை முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வேன்: தலையில் மஃப்ளர், கையில் பிளாஸ்டிக் கவர், கண்ணில் மலைப்பாதைத் தலைச்சுற்றல். குழாயைப் பற்றி அவர்களுக்கு இருக்கும் பயம் எல்லோருக்கும் உள்ள பயம்தான். மலைப்பாதை மட்டும் அவர்களுக்கென்று தனிக் கணக்கு. அவர்கள் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் உடம்பைப் பார்த்த டாக்டர்தான் முடிவு செய்வார். அவரிடம் எதைச் சொல்லணும், எதைக் கேட்கணும் என்பதற்குத்தான் இந்தப் பக்கம்.

வலிக்குமா, சிஸ்டர்?

வாய் வழியாக வயிற்றைப் பார்க்கிற சோதனையில் வலி என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. குமட்டல் உண்டு. வழக்கமான குழாய் ஒரு சென்டிமீட்டர் தடிமன்கூட இருக்காது. அது நாக்கின் அடிப்பகுதியைத் தாண்டும் அந்த ஐந்து பத்து நொடிதான் கஷ்டம். கண்ணில் தண்ணீர் வரும், ஓங்கரிக்கும், மூச்சு நின்றுவிட்டது போலத் தோன்றும். மூச்சு நிற்காது, குழாய் போவது உணவுக்குழாயில், காற்று போகிற வழி வேறு. மூக்கால் மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டே இருங்கள். எச்சிலை விழுங்காமல் கன்னத்து ஓரமாக வழிய விடுங்கள். கூச்சப்பட வேண்டாம், அதற்குத்தான் துணி விரித்திருக்கிறோம்.

"சதையை வெட்டி எடுப்பாங்களாமே" என்று பயாப்சியை (பரிசோதனைக்காக உள்ளிருந்து துளி சதை எடுப்பதை) நினைத்துப் பயப்படுகிறவர்கள் அதிகம். இரைப்பையின் உள்தோலுக்கு வெட்டுவதும் கிள்ளுவதும் தெரியாது. அதற்குத் தெரிவது இழுப்பும் உப்புசமும்தான். அதனால் பயாப்சி எடுத்ததே உங்களுக்குத் தெரியாமல் போகும். உள்ளே காற்று விடும்போது வயிறு உப்புவது தெரியும்.

ஆசனவாய் வழியாகப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபி வேறு கதை. குடல் வளைந்து வளைந்து போகிறது, மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் போகிற ரோடு மாதிரி. வளைவில் குழாய் சுருண்டுகொண்டால் குடலைத் தாங்கும் சவ்வு இழுபடும், அப்போது நிஜமாகவே வலிக்கும். வாயுப்பிடிப்பு வந்தது போல இருக்கும். திரும்பிப் படுக்கச் சொல்வதும், வயிற்றை வெளியிலிருந்து ஒருவர் அழுத்திப் பிடிப்பதும் அந்தச் சுருளை எடுக்கத்தான். காற்றுக்குப் பதில் கார்பன் டை ஆக்சைடு விடுகிற வசதி இருந்தால் பிறகு வரும் உப்புசம் சீக்கிரம் அடங்கும், ஏனென்றால் அந்த வாயுவை ரத்தம் வேகமாக இழுத்துக்கொள்ளும். அந்த வசதி உண்டா என்று முன்பே கேட்டுப் பாருங்கள்.

தொண்டைக்கு ஸ்ப்ரே மட்டும் போதுமா, ஊசியும் போட்டுக்கணுமா?

என்னைக் கேட்டால், வாய் வழியாக வயிற்றைப் பார்க்க மட்டும் என்றால், அன்றைக்கே பஸ் ஏறி மலைக்குத் திரும்ப வேண்டியவருக்கு ஸ்ப்ரே போதும். இதைச் சொன்னால் சில டாக்டர்கள் என்னை முறைப்பார்கள், பரவாயில்லை.

ஸ்ப்ரேயில் இருப்பது லிக்னோகெய்ன், தொண்டையை மரக்க வைக்கிற மருந்து. கசக்கும். சில நிமிடத்தில் தொண்டை தடித்துப்போன மாதிரி, எச்சில் இறங்காத மாதிரி இருக்கும். "எனக்கு என்னமோ ஆகுது" என்று எழுந்து உட்காருகிறவர்கள் உண்டு. மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். சோதனை ஐந்திலிருந்து பத்து நிமிடம். மரப்பு அரைமணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை இருக்கும். பிறகு உங்கள் புத்தி உங்களிடம், உங்கள் கால் உங்களிடம்.

1868-இல் ஜெர்மனியில் குஸ்மௌல் என்ற மருத்துவர் முதன்முதலில் ஒரு மனிதரின் இரைப்பைக்குள் நேரான உலோகக் குழாயை இறக்கிப் பார்த்தார். அதற்கு அவர் தேடிப் பிடித்த ஆள் வாள் விழுங்கும் வித்தைக்காரர். மற்றவர்களால் அதைத் தாங்க முடியாது. இன்றைய குழாய் வளைந்து கொடுக்கிறது. நமக்கு வித்தை தெரியத் தேவையில்லை.

ஊசி போட்டுக்கொள்ள வேண்டியவர்களும் உண்டு. பல் துலக்கும்போதே ஓங்கரிக்கிறவர்கள், போன முறை பாதியில் குழாயைப் பிடுங்கியவர்கள், நெஞ்சு படபடக்க நடுங்குகிறவர்கள் எல்லாம் தயங்காமல் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ரத்தக்கசிவை நிறுத்துவது, பித்தக்குழாயில் கல் எடுப்பது, ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு குழாய்) வைப்பது போன்ற நேரம் பிடிக்கிற வேலை என்றால் ஊசி அவசியம். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் முழு மயக்கம்தான். கொலோனோஸ்கோபிக்கு நானே ஊசி போட்டுக்கொள்ளத்தான் சொல்வேன்.

ஊசி என்றால் எந்த ஊசி?

மூன்று பெயர்கள் காதில் விழும்.

மிடாசோலம் பயத்தைத் தணிக்கும், தூக்கக் கலக்கம் தரும், நடந்ததை மறக்கடிக்கும். வலியைக் குறைக்காது. ஃபென்டனில் வலிக்கான மருந்து. எடைக்கு எடை பார்த்தால் மார்ஃபினைவிட ஏறக்குறைய 100 மடங்கு வீரியம் என்பதால் மைக்ரோகிராம் கணக்கில்தான் கொடுப்போம். இந்த இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் கூப்பிட்டால் கண் திறப்பீர்கள், "திரும்புங்க" என்றால் திரும்புவீர்கள், ஆனால் எதுவும் பெரிதாகத் தோன்றாது. இதை நாங்கள் அரை மயக்கம் என்போம்.

புரோபோஃபால் பால் போல வெள்ளையாக இருக்கும், சோயா எண்ணெயில் கலந்த மருந்து. கையில் ஏறும்போது சுரீரென்று எரியும். அரை நிமிடத்தில் தூக்கம், நிறுத்திய பத்து நிமிடத்துக்குள் விழிப்பு. எழுந்ததும் "ஆரம்பிக்கலையா?" என்று கேட்பவர்கள் இந்த ஊசி போட்டுக்கொண்டவர்கள்தான். இதைக் கொடுக்க மயக்க மருத்துவர் தனியாக இருக்க வேண்டும். குழாய் விடுகிற டாக்டரே இதையும் பார்த்துக்கொள்வார் என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இதன் வேலையை முறிக்கிற மருந்து கிடையாது, தானாகத் தெளியும் வரை மூச்சைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். மற்ற இரண்டுக்கும் முறிவு மருந்து உண்டு: மிடாசோலத்துக்கு ஃப்ளூமாசெனில், ஃபென்டனிலுக்கு நலாக்சோன். இரண்டும் அறையில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கேட்பது உங்கள் உரிமை.

எந்திரிக்காமப் போயிட்டா?

இந்த மருந்துகளில் பயப்பட வேண்டியது மூச்சு மந்தமாவதைத்தான். அதனால்தான் விரலில் ரத்த ஆக்சிஜன் சதவீதம் காட்டும் கிளிப், கையில் பி.பி. பட்டை, மூக்கில் ஆக்சிஜன், எல்லாம் போட்ட பிறகே மருந்து ஏற்றுகிறோம். நன்றாகக் குறட்டை விடுகிறவர், தூக்கத்தில் மூச்சு நின்று திணறி எழுகிறவர், உடம்பு கனத்தவர், ஆஸ்துமா அல்லது பீடிச் சளி உள்ளவர் இதை முன்பே சொல்லிவிட வேண்டும். பெண்கள் குறட்டையை ஒத்துக்கொள்வதில்லை. கூட வந்தவரிடம் கேட்டால் உண்மை வரும்.

ஊட்டியிலேயே சோதனை செய்தால் ஒரு விஷயம். 2,240 மீட்டர் உயரத்தில் நல்ல ஆரோக்கியமான ஆளுக்கே கிளிப்பில் 95, 96 காட்டுவது சாதாரணம். கோவையில் அதே ஆளுக்கு 98 காட்டும். மேலே மூச்சு மந்தமானால் அந்த எண் சீக்கிரம் இறங்கும், அதனால் ஆரம்பத்திலிருந்தே ஆக்சிஜன் வைப்பார்கள். இன்னொன்று, ஜனவரிக் குளிரில் விறைத்த விரலில் கிளிப் சரியாக எண் காட்டாது, ஊசி குத்த நரம்பும் கிடைக்காது. கையுறை போட்டுக்கொண்டு வாருங்கள், கையை மடியில் சூடாக வைத்திருங்கள். நகப்பூச்சை வீட்டிலேயே துடைத்துவிடுங்கள்.

பஸ்ஸில் வாந்தி வரும், அவோமின் போட்டுட்டு வரலாமா?

இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. கேட்காமலே போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள், அதுதான் சிக்கல். மலையில் பிறந்தவர்களுக்கு அவோமின் மாத்திரை என்பது மிட்டாய் மாதிரி. பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் மருந்துக்கடையில் ஒன்று வாங்கி வாயில் போடுவோம். அதில் உள்ள ப்ரோமெத்தசின் தூக்கம் வரவைக்கிற மருந்து. அதன் மேல் மிடாசோலமும் ஏறினால் கலக்கம் இரட்டிப்பாகும், மூச்சும் மந்தமாகும்.

ஒருமுறை ஒரு அம்மா, நாங்கள் ஊசியை எடுக்கும் முன்பே கட்டிலில் குறட்டை விட்டார். மகனிடம் கேட்டால், குன்னூரில் ஒன்று, பர்லியாரில் பஸ் நின்றபோது இன்னொன்று போட்டாராம். ஊசியே போடாமல், ஸ்ப்ரேயில் சோதனையை முடித்தோம்.

வாந்தி தாங்காது என்றால் முதல் நாளே இறங்கி, கீழே சொந்தக்காரர் வீட்டிலோ லாட்ஜிலோ தங்கிக்கொள்வது நல்லது. முடியாவிட்டால் மாத்திரை போட்ட நேரத்தைச் சீட்டில் எழுதி செவிலியரிடம் கொடுங்கள். திரும்பிப் போகும்போதும் கவனம்: ஃபென்டனில் போட்டவருக்கு உடம்பு ஆடினால் குமட்டல் கூடும். மேட்டுப்பாளையத்துக்கு மேலே 14 கொண்டை ஊசி வளைவு. இரண்டு மூன்று மணி நேரமாவது படுத்து ஓய்வெடுத்த பிறகு கிளம்புங்கள்.

காலையில் ஒரு டீகூடக் குடிக்கக் கூடாதா?

தேயிலை விளைகிற ஊர்க்காரர்களிடம் இதைச் சொல்வதற்கு எனக்கே சங்கடம். பால் டீ வயிற்றுக்குச் சாப்பாட்டுக் கணக்குதான், சோதனைக்கு ஆறு மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். சோறு, கறி என்றால் எட்டு மணி நேரம் விட்டுவிடுங்கள். தண்ணீரும் பால் கலக்காத டீயும், கூடலூர்ப் பக்கம் கட்டன் சாயா என்பார்களே அதுவும், பெரும்பாலும் இரண்டு மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம். உங்கள் மருத்துவமனை இன்னும் கண்டிப்பான நேரம் சொன்னால் அதையே கேளுங்கள். ஏன் இவ்வளவு கெடுபிடி என்றால், மயக்கத்தில் இருமல் வேலை செய்யாது; வயிற்றில் இருப்பது மேலே வந்தால் நேராக நுரையீரலுக்குப் போகும். "ஒரு வாய் பன்தான் சிஸ்டர்" என்று பிறகு சொல்வதைவிட முன்பே சொல்லிவிட்டால் நேரத்தைத் தள்ளி வைப்போம், திட்ட மாட்டோம்.

கொலோனோஸ்கோபிக்கு வயிறு சுத்தம் செய்யும் மருந்தைக் குடித்துவிட்டு எப்படி பஸ்ஸில் வருவது?

வர முடியாது. வரவே கூடாது. இரண்டு லிட்டர் மருந்துத் தண்ணீர், பாதி முதல் நாள் சாயங்காலம், பாதி விடியற்காலை. குடித்த ஒரு மணி நேரத்தில் ஆரம்பித்தால் பத்துப் பன்னிரண்டு தடவை போகும். கோத்தகிரியிலிருந்து முதல் பஸ்ஸில் ஏறிய ஒரு பெண், வழியெல்லாம் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி இறங்கி வந்த கதையைச் சொல்லி அழுதார். சோதனைச் சீட்டில் நேரம் மட்டும் போட்டிருந்தது. அதை எழுதியவருக்கு மலை ரோடு தெரியாது. முதல் நாள் மதியத்துக்குள் இறங்கிவிடுங்கள். கக்கூஸ் பக்கத்தில் உள்ள அறையாகப் பிடியுங்கள். காலைப் பாதியையும் சோதனைக்கு இரண்டு மணி நேரம் முன்பே முடித்துவிட வேண்டும்.

அதற்கு முந்தைய இரண்டு மூன்று நாள் கீரை, கொய்யா, தோலோடு பயறு வேண்டாம். பீட்ரூட் வேண்டவே வேண்டாம். நம் தோட்டத்தில் விளைந்ததுதான், ஆனால் அதன் சிவப்பு குடலில் ரத்தம் மாதிரியே தெரியும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஒரு வாரம் முன்பே டாக்டரிடம் கேட்டு நிறுத்துங்கள், மலம் கறுத்து ஒட்டிக்கொண்டால் உள்ளே எதுவும் தெரியாது.

தினமும் சாப்பிடுகிற மாத்திரைகள்?

பி.பி. மாத்திரையில் பெரும்பாலானவற்றை ஒரு மடக்குத் தண்ணீரோடு போடலாம். சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும் வெறும் வயிற்றில் ஆபத்து, டாக்டர் சொல்கிற அளவு மட்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை சர்க்கரை மாத்திரைகளைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். எடை குறைக்கும் வார ஊசி போடுகிறவர்களுக்கு வயிறு காலியாக நேரமாகும், அதையும் சொல்லுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. ஸ்டென்ட் வைத்த இதய டாக்டரையும் கேட்ட பிறகுதான்.

குடிக்கிறதையும் சொல்லணுமா?

சொல்லணும். தினமும் குடிக்கிறவருக்கு வழக்கமான அளவு ஊசி பிடிக்காது. சிலர் தூங்குவதற்குப் பதில் கையைக் காலை உதறி எழப் பார்ப்பார்கள். தூக்க மாத்திரை பழக்கமும் அப்படித்தான். மனைவி எதிரில் சொல்ல முடியாவிட்டால், துணி மாற்றுகிற இடத்தில் என் காதில் சொல்லுங்கள். நிறைய பேர் அப்படித்தான் சொன்னார்கள். ஆடுகிற பல், கழற்றுகிற பல்செட், இதையும்.

எங்கள் குடும்பத்தில் சிக்கிள் செல் இருக்கிறது. மயக்கம் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், தெரிந்து கொடுக்க வேண்டும். சிக்கிள் செல் என்பது ரத்த அணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரைக் குறை. இந்தியாவில் இந்த ரத்தக் குறை முதலில் பதிவான இடங்களில் நம் நீலகிரியும் ஒன்று. 1952-இல் லேமான், கட்புஷ் என்ற இருவர் இங்குள்ள பழங்குடி மக்களிடம் அதைக் கண்டு எழுதினார்கள். கூடலூர், பந்தலூர்ப் பக்கத்துப் பணியர், இருளர், குறும்பர் குடும்பங்களில் இன்றும் இருக்கிறது. ஆனால் கோவையில் கேள்வித்தாளில் சர்க்கரை, பி.பி., ஆஸ்துமா என்றுதான் கட்டம் இருக்கும், சிக்கிள் செல்லுக்கு இருக்காது. நீங்கள்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும். 2023-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பரிசோதனை செய்து அட்டை வாங்கியிருந்தால் எடுத்து வாருங்கள்.

நோய் உள்ளவருக்கு ஆக்சிஜன் குறைவது, உடம்பில் தண்ணீர் வற்றுவது, குளிர் பிடிப்பது மூன்றும் ஆகாது. அப்போதுதான் ரத்த அணுக்கள் வளைந்து ரத்தக் குழாயை அடைத்துக் கடும் வலி வரும். சோதனை அறையில் ஏ.சி., வெறும் வயிறு, மயக்கம் என்று மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்துவிடும். அதனால் காலையில் முதல் ஆளாக எடுக்கச் சொல்லுங்கள், காத்திருக்கும்போதே டிரிப் போடச் சொல்லுங்கள், கம்பளி கொண்டு வாருங்கள். நோய் இல்லாமல் பரம்பரைத் தன்மை மட்டும் உள்ளவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, ஆனாலும் சொல்லி வைப்பது நல்லது.

கர்ப்பிணி? பால் கொடுக்கிற தாய்?

கர்ப்பிணிக்கு அவசரம் இல்லாவிட்டால் தள்ளிப்போடுவார்கள். பால் கொடுக்கிறவர் மிடாசோலமோ புரோபோஃபாலோ ஒருமுறை போட்டுக்கொண்டால், நன்றாகத் தெளிந்த பிறகு கொடுக்கலாம். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிடாமல் பக்கத்தில் ஆள் இருக்கட்டும்.

துணைக்கு ஆள் கட்டாயமா?

ஸ்ப்ரே மட்டும் என்றால் தனியாகவும் வரலாம். ஊசி என்றால் கட்டாயம்.

"மகன் கீழே வண்டி எடுக்கிறான்" என்று சொல்லிவிட்டு ஒரு பெரியவர் போனார். மகன் திருப்பூரில் வேலையில் இருந்தான். பெரியவரை அரை மணி கழித்துப் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து தூங்கும்போது காவலாளி கண்டுபிடித்தார். ஊசி போட்டவர் தெளிவாகப் பேசுவார், நடப்பார், பணத்தை எண்ணிக் கொடுப்பார். அது முழுத் தெளிவு இல்லை. 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது, பத்திரத்தில் கையெழுத்துப் போடக் கூடாது, மது குடிக்கக் கூடாது, அடுப்பெரிக்கக் கூடாது. தேயிலை வெட்டும் கத்தரியையும் மெஷினையும் அன்று தொடாதீர்கள். கல்லட்டி வழியாக மசினகுடி போகிறவர்களுக்கு 36 வளைவு, பைக்கில் பின்னால் உட்காருவதும் வேண்டாம், பிடி தளர்ந்துவிடும்.

வெளியூர் உறவினர் காரில் கொண்டுவந்து விடுவதாக இருந்தால், 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்குள் வர வெளி மாவட்ட வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும் என்பதை அவருக்கு முன்பே சொல்லுங்கள். கல்லாறு சோதனைச் சாவடியில் அரை மயக்கத்தில் உட்கார்ந்திருப்பது சுகமான அனுபவம் இல்லை.

டாக்டர் என்னமோ சொன்னார், ஒன்றுமே ஞாபகம் இல்லை.

மிடாசோலம் செய்கிற வேலை அது. டாக்டர் பேசும்போது கூட வந்தவர் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும். ரிப்போர்ட்டையும் மருந்துச் சீட்டையும் அவர் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். போனில் ஒலிப்பதிவு செய்துகொள்ளலாமா என்று கேளுங்கள், பெரும்பாலான டாக்டர்கள் மறுக்க மாட்டார்கள்.

வீட்டுக்குப் போன பிறகு எதைப் பார்த்துப் பயப்படணும்?

தொண்டை கரகரப்பு ஒரு நாள், வயிறு உப்புசம் சில மணி நேரம் இருக்கும். குறையாமல் கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, நெஞ்சு வலி, காய்ச்சல், மூச்சுத் திணறல், ரத்த வாந்தி, தார் போலக் கறுத்த மலம் என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். குடலில் கட்டி எடுத்திருந்தால் ரத்தக்கசிவு உடனே வராமல் இரண்டு வாரம் கழித்துக்கூட வரலாம். எஸ்டேட் லைன் வீட்டில் இருப்பவர்கள் அந்த நாட்களில் வண்டி வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். மழைக்காலத்தில் மண் சரிந்து ரோடு மூடுகிற நாட்களாக இருந்தால், அவசரமில்லாத கட்டி எடுப்பைத் தள்ளி வைக்க முடியுமா என்று டாக்டரிடம் கேட்பதில் தப்பில்லை.

எப்போது டீ குடிக்கலாம்?

ஸ்ப்ரே போட்டிருந்தால் ஒரு மணி நேரம் கழித்து. முதலில் ஒரு வாய் பச்சைத் தண்ணீர். புரையேறாமல் இறங்கினால், தொண்டையில் குளிர்ச்சி தெரிந்தால், மரப்பு போய்விட்டது. அதன்பிறகும் ஆற்றிக் குடியுங்கள். மரத்த நாக்குக்குச் சூடு தெரியாது, வெந்த பிறகுதான் தெரியும்.